சரிந்த வீட்டின் பெயர்

பாப்புவா நியூ கினியின் வடகிழக்கில், கடலுக்குள் முகம் நீட்டிக் கிடக்கும் ஹூவான் தீபகற்பத்தின் உள்மலைகளில் செலெபெத் என்றொரு மக்கள் வாழ்கின்றனர். தம் பெயருக்கு அவர்கள் கூறும் விளக்கம் ஒரு முழு வாக்கியம்: ‘செலெப் பெக்யாப்’. வீடு இடிந்து சரிந்து விழுந்தது என்பது அதன் பொருள். முன்னொரு காலத்தில் ஒன்றாயிருந்த முன்னோர் பிரிந்து இன்றைய குலங்களாகச் சிதறிய வேளையில் எழுந்த குரல் அது என்பது வாய்மொழி மரபு. அண்டையிலுள்ள திம்பே, கொம்பா மக்களும் தத்தம் பெயர்களுக்கு இத்தகைய விளக்கங்களையே தருகின்றனர்.

பெரும்பாலான இனங்கள் தம் பெயரில் ஒரு பெருமையை வைத்துக்கொள்ளும். மனிதர், மலையாளர், நதிக்கரையார், வீரர் என்றெல்லாம் உலகெங்கும் இனப்பெயர்கள் உண்டு. இங்கோ ஒரு கூட்டத்தார் ஓர் இழப்பையே பெயராகச் சூடியுள்ளனர். அம்மக்களின் கிறித்தவ நம்பிக்கையைப் பற்றிப் பேசுவதற்கும் இப்பெயரே நல்ல தொடக்கம். அந்த நம்பிக்கை அவர்களிடம் வந்து சேர்ந்தது அவர்கள் மொழியில் அன்று. அண்டை மக்களின் மொழியில். எந்த மொழியில் இறைவனை அழைப்பது என்ற வினா ஒரு நூற்றாண்டாக அவர்களுடன் நடந்து வருகிறது.

முதலில் நிலம். செலெபெத் மக்கள் வாழும் பகுதி மொரோபே மாகாணத்தின் கப்வும் மாவட்டத்தில் உள்ளது. தெற்கே சாருவாகெட் மலைத்தொடர் 4,000 மீட்டருக்கும் மேல் உயர்ந்து நிற்கிறது. அதற்கு அப்பால் மாகாணத் தலைநகரான லே. வரைபடத்தில் பார்த்தால் தொலைவு மிகக் குறைவு. கால்நடையாகவோ அது உயிரைப் பணயம் வைக்கும் பயணம். சிறுவிமானங்கள் இறங்கும் புல்தரை ஓடுபாதைகளே இம்மலைவாழ் மக்களுக்கு வெளியுலகின் வாசல். நிலநடுக்கமும் மண்சரிவும் இங்குப் புதியவை அல்ல. இத்தீபகற்பத்தின் கரையோரத்தில் பண்டைப் பவளப்பாறைகள் படிக்கட்டுகள்போலக் கடலைவிட்டு மேலெழும்பி நிற்கின்றன. பூமி இன்னும் உயர்ந்துகொண்டிருக்கும் இடம் இது. வீடு சரிந்தது என்ற சொல் இத்தகைய மண்ணில் வெறும் உருவகமாக இருக்க வேண்டியதில்லை.

செங்குத்தான சரிவுகளில் தோட்டம் போட்டுச் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் சேப்பங்கிழங்கும் வாழையும் கரும்பும் பயிரிடுகின்றனர். பன்றி வளர்ப்பு உணவுக்காக மட்டுமன்று. திருமணம், சமாதானம், துக்கம் ஆகிய எல்லாவற்றிலும் பன்றியே கொடுக்கல் வாங்கலின் அளவுகோல். பெண்கள் நாரை முறுக்கிப் பின்னும் ‘பிலும்’ என்னும் பையில் கிழங்கும் வரும், விறகும் வரும், குழந்தையும் உறங்கும். பணத்துக்கு வழி காப்பி. ஆனால் ஒரு மூட்டைக் காப்பிக்கொட்டை சந்தையை அடைய வேண்டுமானால் தலைச்சுமையாக ஓடுபாதைக்குச் செல்ல வேண்டும். பின்பு விமானக் கட்டணத்தையும் தாங்க வேண்டும். காப்பி விலை வீழும் ஆண்டில் உழைப்பின் பெரும்பகுதி ஆகாயத்திலேயே கரைந்துபோகும்.

1988ஆம் ஆண்டுக் கணக்கின்படி செலெபெத் மொழியைப் பேசியவர் ஏறத்தாழ 7,000 பேர். 800க்கும் மேற்பட்ட மொழிகள் வழங்கும் நாட்டில் இது சிறிய மொழியென்று கருதப்படுவதில்லை. சில நூறு பேர் மட்டுமே பேசும் மொழிகள் அங்கு ஏராளம்.

இந்த மலைகளுக்குக் கிறித்தவம் வந்த வழி நீண்டது. 1886இல் யோஹான் ஃபிளியர்ல் என்ற ஜெர்மானிய லுத்தரன் ஊழியர் ஃபின்ஷ்ஹாஃபனுக்கு அருகே, சிம்பாங் என்ற கடலோர ஊரில் தம் பணியைத் தொடங்கினார். பவேரியாவின் நொய்யென்டெட்டெல்சாவ் என்னும் ஊரைத் தலைமையிடமாகக் கொண்ட சங்கம் அவருடையது. முதல் ஞானஸ்நானம் நடைபெற்றது 1899இல். பதின்மூன்று ஆண்டு உழைப்புக்குப் பின் இருவர் மட்டுமே முன்வந்தனர். அதே ஆண்டில் கிறிஸ்டியான் கைசர் என்ற இளைஞர் வந்து சேர்ந்தார். கடலை நோக்கியிருந்த சாட்டல்பெர்க் என்னும் குன்றில் அவர் மேற்கொண்ட பணி அந்நாட்டுத் திருச்சபையின் போக்கையே மாற்றியது.

தனிமனிதனைப் பிரித்தெடுத்துக் கிறித்தவனாக்குவது அங்கு இயலாது என்பதைக் கைசர் கண்டுகொண்டார். நிலம் குலத்துக்குரியது. பகை குலத்துக்குரியது. பில்லி சூனிய அச்சமும் அவ்வாறே. அதனால் முடிவும் குலமாகக் கூடியே எடுக்கப்பட வேண்டும் என்று அவர் கருதினார். ஊரார் கூடிப் பேசினர், நாள்கணக்கில் வாதிட்டனர். பகைவரோடு சமாதானம் செய்துகொண்டு, சூனியப் பொருள்களை வெளியே கொணர்ந்து துறந்த பின்னரே கூட்டமாகத் திருமுழுக்குப் பெற்றனர். பின்னாளில் இம்முறை பெரும் விவாதத்துக்கு உள்ளாயிற்று. கூட்டத்தோடு சேர்ந்து தலையசைத்தவரின் உள்ளம் மாறியதா என்று ஐரோப்பியர் கேட்டனர். அம்மலைவாழ் மக்களின் பார்வையில் இவ்வினா வேறாகவே தோன்றியிருக்கும். அண்ணனும் மைத்துனனும் சேராத ஒரு சமாதானம் எவ்வாறு சமாதானமாகும்?

அடுத்த கட்டத்தில் அச்சபைகளே உபதேசியார்களை அனுப்பத் தொடங்கின. 1908 முதல் சாட்டல்பெர்க் சபையார் தம்முள் சிலரைத் தேர்ந்து, மனைவி மக்களுடன் அயல் மலைகளுக்கு அனுப்பினர். கையில் ஆயுதமில்லை. மொழி தெரியாது. சில தலைமுறைகளாக ஒருவரையொருவர் கொன்றுவந்த ஊர்களுக்கு அவர்கள் நடந்து சென்றனர். தோட்டம் போட்டனர்; வீடு கட்டினர்; ஊராரோடு வாழ்ந்தனர். இப்படி ஒரு பள்ளத்தாக்கிலிருந்து அடுத்த பள்ளத்தாக்குக்குப் படிப்படியாக நகர்ந்த அச்செய்தி, இரு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் செலெபெத் மலைகளிலும் வேர்கொண்டது. நூல்கள் ஐரோப்பியரின் பெயர்களையே பெரிய எழுத்தில் எழுதியுள்ளன. மலையேறிச் சென்ற கால்கள் பெரும்பாலும் கறுப்புக் கால்கள்.

அந்த உபதேசியார்கள் கொண்டுவந்தது கோத்தே மொழி.

இதற்கொரு காரணம் உண்டு. ஹூவான் தீபகற்பத்தில் மலைக்கு ஒரு மொழி வழங்கியது. அனைத்திலும் பாடநூலும் வேதநூலும் ஆக்குவதற்கு ஆளுமில்லை, காலமுமில்லை. எனவே கடலோர ஆஸ்திரோனேசிய மொழியினர்க்கு யாபெம், உள்மலை மொழியினர்க்குக் கோத்தே எனச் சங்கத்தார் இரு மொழிகளைத் திருச்சபை மொழிகளாக வகுத்தனர். கோத்தேயும் சிறிய மொழியே. 1980களின் கணக்கில் அதனைத் தாய்மொழியாகக் கொண்டவர் 6,000 பேர் அளவில்தான், செலெபெத்தைவிடக் குறைவு. எண்ணிக்கையால் அது உயரவில்லை. சாட்டல்பெர்க் குன்றைச் சுற்றிப் பேசப்பட்ட மொழி என்பதே அதற்குக் கிடைத்த பேறு. ஊழியர் முதலில் கால் ஊன்றிய இடத்தின் மொழி வேதமொழியாயிற்று.

செலெபெத்தும் கோத்தேயும் ஒரே மொழிக்குடும்பத்தின் இரு கிளைகள். ஆயினும் கல்லாமல் ஒருவர் பேச்சு மற்றவர்க்கு விளங்காது. செலெபெத் சிறுவன் பள்ளிக்குச் சென்று கோத்தே படித்தான். அதிலேயே எழுத்தறிந்தான், அதிலேயே செபித்தான். நற்செய்தியையும் அதனோடு வந்த வாழ்க்கை முறை முழுவதையும் குறிக்கும் ‘மித்தி’ என்ற சொல் கோத்தேயில் இருந்து வந்தது. இறைவனைக் குறிக்கும் ‘அனுத்து’ என்ற பெயருக்கு இன்னும் தொலைவான வரலாறு உண்டு. உலகைப் படைத்தவனைப் பற்றிய கடலோர மக்களின் தொன்மங்களில் வழங்கிய பெயர் அது. ஊழியர் அதனை எடுத்துக் கிறித்தவக் கடவுளுக்குச் சூட்டினர். கடலோரத்திலிருந்து கோத்தேக்கும், கோத்தேயிலிருந்து உள்மலைகளுக்கும் அப்பெயர் ஏறிச் சென்றது.

இந்த ஏற்பாட்டை மொழியாதிக்கம் என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடலாம். அது முழு உண்மையாகாது. அந்த மலைகளில் அதற்குமுன் அயலூரானோடு பேசப் பொதுமொழி என ஒன்றில்லை. அம்பும் ஈட்டியுமே பெரும்பாலும் பேசின. கோத்தே வந்தபின் செலெபெத்காரர் திம்பேகாரருக்குக் கடிதம் எழுத முடிந்தது. ஒரு மலையின் ஆசிரியர் மறுமலையின் பிள்ளைகளுக்குக் கற்பிக்க முடிந்தது. சபைச் சங்கங்களில் பழம்பகைவர் ஒரே மொழியில் வழக்காட முடிந்தது. மேலும் அது அரசின் மொழியோ வெள்ளையரின் மொழியோ அன்று. அதிலிருந்த பாடல்கள் பலவற்றின் மெட்டுகள் உள்ளூர் மரபிலிருந்து எடுக்கப்பட்டவை.

அதற்கொரு விலையும் இருந்தது. பள்ளி சென்றவனுக்கு வேதம் திறந்தது. செல்லாதவர்க்கு அது பிறர் வாய்வழியே வந்தது. முதியோரும் பெண்களுள் பலரும் இவ்வாறு இரண்டாம் கையாகக் கேட்டவர்களே. வீட்டில் ஒரு மொழி, ஆலயத்தில் ஒரு மொழி என்ற பிளவு ஏற்படும்போது, வீட்டு மொழிக்குப் புனிதம் இல்லை என்ற எண்ணம் யாரும் கற்பிக்காமலேயே படிந்துவிடும். தாய் தாலாட்டிய சொல்லுக்கு ஆண்டவர் செவிசாய்ப்பாரா என்ற ஐயத்தை அப்பிளவு விதைக்கிறது.

1943ஆம் ஆண்டு அந்த நம்பிக்கையைச் சோதித்தது. ஜெர்மானிய ஊழியருள் பலர் போர் தொடங்கியதுமே ஆஸ்திரேலியாவில் தடுப்புக்காவலில் வைக்கப்பட்டிருந்தனர். அவ்வாண்டு செப்டம்பரில் நேசநாட்டுப் படைகள் லேயைக் கைப்பற்றியபோது, அங்கிருந்த ஜப்பானியப் படையினர் ஆயிரக்கணக்கில் சாருவாகெட் மலையைக் கடந்து வடகரையிலுள்ள சியோவை நோக்கிப் பின்வாங்கினர். குளிரிலும் பசியிலும் பாறைச் சரிவுகளிலும் ஏறக்குறைய 2,000 பேர் மடிந்தனர். பட்டினியால் வாடிய அப்படை இறங்கி வந்தது இம்மலை மக்களின் தோட்டங்களுக்குள். யாரோ இரு பேரரசுகளின் போருக்குத் தங்கள் கிழங்கையும் பன்றியையும் இழந்த மக்களுக்கு எந்த நூலிலும் கணக்கில்லை. ஊழியர் இல்லாத அந்த ஆண்டுகளில் சபைகளைத் தாங்கியவர்கள் உள்ளூர் உபதேசியார்களும் மூப்பர்களும். வெளியார் நீங்கிய பின்னும் வழிபாடு நிற்கவில்லை என்பதிலிருந்தே அந்த நம்பிக்கை எவருடையதாகிவிட்டது என்பதை அறியலாம்.

போருக்குப் பின் வேறொரு வினா எழுந்தது. கப்பல்களிலும் விமானங்களிலும் மலைமலையாய் வந்திறங்கிய பொருள்களை அம்மக்கள் கண்டிருந்தனர். நியூ கினியின் பல பகுதிகளில் அக்காலத்தில் ‘கார்கோ’ நம்பிக்கைகள் பரவின. இப்பொருள்கள் முன்னோராலோ கடவுளாலோ எல்லார்க்கும் அனுப்பப்பட்டவை. அவற்றைப் பெறும் மறைவழியை வெள்ளையர் ஒளித்துவைத்துள்ளனர் என்பது அந்நம்பிக்கைகளின் பொது உள்ளடக்கம். கப்வும் வட்டாரமும் விலக்கன்று. அங்கு நிலவிய கார்கோ நம்பிக்கைகளைப் பற்றிக் கென்னத் மெக்எல்ஹானன் என்ற மொழியியலாளர் 1969இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்.

இதை அறியாமை என்று சிரித்துக் கடப்பது எளிது. ஒரே தந்தையின் பிள்ளைகள் என்று ஆலயத்தில் கேட்டவர்கள், ஒரு பிள்ளைக்கு மட்டும் விமானம் ஏன் வருகிறது என்று கேட்டனர். வினாவில் பிழையில்லை. விடைதேடிய இடந்தான் தவறிற்று. தம் மொழியில் வாராத ஒரு செய்தியில் ஏதோ ஒரு பகுதி மறைக்கப்பட்டிருக்கக்கூடும் என்ற ஐயமும் இயல்பானதே. மொழிபெயர்க்கப்படாத வாக்கு மந்திரமாக மாறும் இடர் எல்லாச் சமயங்களுக்கும் பொது.

அதே மெக்எல்ஹானனும் அவர் மனைவியும் 1960களில் செலெபெத் மக்களிடையே தங்கி அம்மொழியைக் கற்றனர். 1970இல் செலெபெத்–ஆங்கில அகராதி ஒன்றும், 1972இல் செலெபெத் இலக்கணமும் வெளிவந்தன. வேதமொழிபெயர்ப்புக்காகவே வந்தவர்கள் அவர்கள். பின்னர்ப் புதிய ஏற்பாடு செலெபெத்தில் அச்சேறியது. ஒரு தலைமுறைக்கு முன் திருச்சபை எந்த மொழியைப் பள்ளிக்கு வெளியே நிறுத்தியதோ, அதே மொழிக்கு நூல்வடிவம் தந்ததும் கிறித்தவ ஊழியமே. இவ்விரண்டையும் ஒருசேர நினைவில் வைத்தாலன்றி இவ்வரலாறு விளங்காது.

அம்மொழியின் அமைப்பைச் சிறிது நோக்குவது தகும். தமிழில் ‘அவன் வந்து உண்டான்’ என்றால் வந்தவனும் உண்டவனும் ஒருவனே. ‘அவன் வர அவள் உண்டாள்’ என்னும்போது வினைமுதல் மாறுகிறது. செய்து என்னும் வாய்பாட்டு எச்சம் தன் வினைமுதலையே கொண்டு முடியும் என்ற வரையறை தொல்காப்பியத்திலேயே உண்டு. செலெபெத்தும் அதன் உறவுமொழிகளும் இந்நெறியை மிகத் தொலைவுக்குக் கொண்டுசெல்கின்றன. ஒரு கதை சொல்பவர் எச்சத்தின்மேல் எச்சமாக அடுக்கிச் சென்று, இறுதி வினையிலேயே காலத்தைக் காட்டி முடிப்பார். இடையிலுள்ள ஒவ்வோர் எச்சத்திலும் அடுத்த செயலைச் செய்பவர் இவரேயா, வேறொருவரா என்பது குறிக்கப்பட்டிருக்கும். கோத்தே மொழியில் இவ்வமைப்பை கியோர்க் பில்ஹோஃபர் என்ற ஊழியர் 1933இலேயே தெளிவாக விளக்கினார். பின்னாளில் உலக மொழியியல் இதற்குத் தனிப்பெயரிட்டு ஆராய்ந்தது.

இதன் பொருள், வாய் திறக்கும்போதே அடுத்து வருபவர் யார் என்பதைப் பேசுபவர் கருத்திற்கொண்டிருக்க வேண்டும் என்பது. ‘பாவங்கள் மன்னிக்கப்பட்டன’ என்று செய்பவரை மறைத்துச் சொல்லும் செயப்பாட்டுவினைக்கு இத்தகைய மொழியில் இடமில்லை. மன்னித்தவர் யார் என்று சொல்லியாக வேண்டும். கிரேக்க மூலம் மௌனமாக விட்ட இடத்தில் மொழிபெயர்ப்பாளர் வாய் திறந்தே தீரவேண்டும்.

எண்ணிலும் அவ்வாறே. அம்மொழியில் ஒருமை, பன்மைக்கு இடையே இருமை உண்டு. நாம் இருவர் என்பதற்கு ஒரு சொல், நாம் பலர் என்பதற்கு வேறொரு சொல். லூக்கா எழுதிய நற்செய்தியின் இறுதியில் வரும் எம்மாவு வழிநடையை நினைத்துப் பார்க்கலாம். தம் ஆசிரியர் கொல்லப்பட்ட துயரில் இரு சீடர்கள் நடந்து செல்கின்றனர். அறியாத ஒருவர் அவர்களோடு சேர்ந்துகொள்கிறார். பொழுது சாய்கிறது, எங்களோடு தங்கும் என்று அவ்விருவரும் வேண்டுகின்றனர். அப்பம் பிட்கும்போது அவரை அறிந்துகொள்கின்றனர். அக்கணமே அவர் மறைகிறார். வழியில் அவர் பேசியபோது நம் உள்ளம் கனன்றதன்றோ என்று இருவரும் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்கின்றனர். இருமை உள்ள மொழியில் இக்கதையைச் சொல்லும்போது இலக்கணமே கதையோடு நடக்கும். இருவரென நடந்தவர்கள் மூவராகும்போது வினை இருமையிலிருந்து பன்மைக்கு ஏறும். அவர் மறைந்ததும் மீண்டும் இருமைக்கு இறங்கும். காலியான இருக்கையைச் சொல்லின் ஈறே காட்டிவிடும். தமிழுக்கு இது கைகூடாது. நாம், நாங்கள் என்ற வேற்றுமை நம்மிடம் உண்டு. இருவரைப் பலரிலிருந்து பிரிக்கும் விகுதி இல்லை.

உள்ளம் கனன்றது என்பதும் எளிதன்று. உணர்ச்சிகளை உடலுறுப்புகளோடு இணைத்துச் சொல்லும் மரபுத்தொடர்கள் செலெபெத்தில் நிறைந்துள்ளன. மெக்எல்ஹானன் அவற்றைப் பற்றித் தனியே எழுதியுள்ளார். வயிறு எரிகிறது, நெஞ்சு அடைக்கிறது, ஈரக்குலை நடுங்குகிறது என்று பேசுவோர்க்கு இது புதுமையாகத் தோன்றாது. எந்த உறுப்பு எந்த உணர்வுக்கு உரியது என்பது மொழிக்கு மொழி மாறும். அண்டைமொழியின் செபத்தைப் பொருளறிந்து சொல்லலாம். ஆனால் துக்கம் வந்து தாக்கும்போது உடல் தன் மொழியிலேயே பேசும்.

இங்கே ஒரு நேர்மை தேவை. தாய்மொழி ஒன்றிலேதான் கடவுள் பேசுவார் என்று முடிவுகட்டினால், கோத்தேயில் செபித்து, கோத்தேயில் பாடி, அந்த நம்பிக்கையோடே கண்மூடிய இரு தலைமுறை செலெபெத் மக்களின் வாழ்வைப் பொய்யென்று சொன்னதாகும். கோத்தேயிலும் இருமை உண்டு; எச்ச அடுக்கும் உண்டு. கற்றவர்க்கு அது இரவல் வீடாக இல்லாமல் சொந்த வீடாகவே ஆகியிருந்தது. 1956இல் நியூ கினி லுத்தரன் திருச்சபை தனியமைப்பாக உருவாகி, 1973இல் சுரேவே சுரேனுவோ அதன் முதல் உள்நாட்டுப் பேராயரானபோது, அவ்வளர்ச்சிக்குப் பின்னே இருந்த உறவுகளை நெய்த நூல்களுள் கோத்தேயும் ஒன்று.

இன்று அந்தக் கோத்தேயும் பின்வாங்கிவிட்டது. ஆஸ்திரேலிய ஆட்சி ஆங்கிலப் பள்ளிகளையே ஆதரித்ததால் திருச்சபையின் மொழிப்பள்ளிகள் நலிந்தன. சந்தையிலும் நகரிலும் வானொலியிலும் டோக் பிசின் பரவியது. அம்மொழியில் புதிய ஏற்பாடு 1969இலும் முழு வேதாகமம் 1989இலும் வெளிவந்தன. 1978இல் கோத்தே முழு வேதாகமம் அச்சாகி வந்தபோது, அதைத் தேடிப் படிக்கும் இளையோர் குறையத் தொடங்கியிருந்தனர். ஒரு மக்களின் மொழியை ஒதுக்கிவைத்து உயர்த்தப்பட்ட பொதுமொழி, அரை நூற்றாண்டில் தானே ஒதுக்கப்பட்டது. பெரிய மொழிகளின் நிழலில் நடுத்தர மொழிகளும் நிலைப்பதில்லை.

டோக் பிசினை இகழ்வதற்கும் இல்லை. அது தோட்டக்கூலிகளின் வாயில் பிறந்து, மெலனீசியரின் கையில் வளர்ந்த மொழி. நாம் இருவர், நாங்கள் இருவர் என்ற நுட்ப வேறுபாட்டைக்கூட அது காக்கிறது. ஆங்கிலத்தால் அது இயலாது. ஒரு சுதந்திர நாட்டின் குடிமக்கள் ஒருவரோடொருவர் பேச அது வேண்டும். ஆனால் அது வீட்டுக்குள் வந்து அமரும்போது வெளியேறுவது எது என்பதே கேள்வி.

1990களில் பாப்புவா நியூ கினி துணிச்சலான ஒரு சீர்திருத்தத்தைச் செய்தது. தொடக்க வகுப்புகளைத் தாய்மொழியில் நடத்தலாம் என்று வகுத்து, நூற்றுக்கணக்கான மொழிகளைப் பள்ளிக்குள் அனுமதித்தது. ஆசிரியர் பற்றாக்குறை, நூல் பற்றாக்குறை, பெற்றோரின் ஐயம் எனப் பல தடைகளுக்கு இடையே அது நடந்தது. 2013இல் அரசு திரும்பவும் ஆங்கிலத்தையே தொடக்கத்திலிருந்து பயிற்றுமொழியாக்கும் முடிவுக்கு வந்தது. பிள்ளைகள் ஆங்கிலம் கற்று லேயிலும் போர்ட் மோர்ஸ்பியிலும் வேலைபெற வேண்டும் என்று விரும்பும் மலைவாழ் பெற்றோரைக் குறைகூற எவர்க்கும் உரிமையில்லை. காப்பி மூட்டையைத் தலையில் சுமந்தவர்க்கே அந்த விருப்பத்தின் எடை தெரியும்.

இத்தகைய சூழலில் வாரத்தில் ஒரு நாள் உரக்கப் படிக்கப்படும் ஒரு நூல் சிறிய செய்தியாகத் தோன்றலாம். எழுத்துவடிவில் வேறு அதிகம் இல்லாத மொழிக்கு அது சிறியதன்று. பல ஆயிரம் வாக்கியங்கள். கதை, வழக்கு, புலம்பல், கடிதம், உவமை என எல்லா வகை நடையும் அதனுள் உண்டு. நாளை அம்மொழியின் இருமையும் எச்ச அடுக்கும் பேச்சில் தேய்ந்துபோனாலும், அவை வாழ்ந்த விதம் அந்தத் தாள்களில் இருக்கும். ஆயினும் அச்சிட்ட நூல் மொழியைக் காப்பாற்றாது. அலமாரியில் இருக்கும் வேதநூலை எலி அரிக்கலாம், ஈரம் தின்னலாம். ஆலயத்தில் படிக்கப்பட்டதை அன்றிரவு அடுப்பங்கரையில் யாராவது திரும்பச் சொல்ல வேண்டும். கேட்கும் பிள்ளை அதே மொழியில் எதிர்க்கேள்வி கேட்க வேண்டும். முடிவு அங்கேதான் ஆகிறது. சபையும் அரசும் மொழியியலாளரும் அந்த அடுப்பங்கரைக்கு வெளியே நிற்பவர்களே.

மரத்தாலும் மூங்கிலாலும் புல்லாலும் கட்டிய வீடு மலையில் நெடுங்காலம் நிற்காது. மழையும் புகையும் தின்றபின் அது சரியும். பக்கத்திலேயே புதியது எழும். வீடு சரிந்ததைச் சொல்லித் தம்மை அழைத்துக்கொள்ளும் மக்கள், அச்சரிவுக்குப் பின்னும் குலங்களாக வாழ்ந்து தோட்டம் போட்டவர்கள். அயல்மொழியில் வந்த நம்பிக்கையைத் தமதாக்கிக்கொண்டவர்கள். இம்முறை சரியக்கூடியது மொழி. வீட்டுக்குக் கம்பும் கீற்றும் காட்டில் கிடைக்கும். ஒரு மொழியை மீண்டும் எழுப்ப வேண்டிய கம்பும் கீற்றும் பேசும் பிள்ளைகளே. அவர்கள் இல்லையெனில் ‘செலெப் பெக்யாப்’ என்ற அந்த வாக்கியத்தைச் சொல்லவும் பொருள் கேட்கவும் எவர் இருப்பர்?